இலவசப் பயிற்சி முடித்த பெண்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

5 ஜூன் 2025 – விளவங்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

எங்கள் பஞ்சாயத்தில் வருடா வருடம் பெண்களுக்கு இலவசப் பயிற்சி நடக்கிறது. தையல், காளான், மெழுகுவர்த்தி, சணல் பை. கடைசி நாள் சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை அதே பெண்கள் அதே அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வேனில் ஏறிப் போகிறார்கள். இதற்குச் செலவழிக்கும் பணத்தை அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் என்ன? பயிற்சியால் வாழ்க்கை மாறிய பெண் என்று ஒருவரையாவது உங்களுக்கு நேரில் தெரியுமா?

6 ஜூன் 2025

தெரியும். என்னையே சொல்லலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீசில் பீலிங்கில், அதாவது பருப்புத் தோல் எடுக்கும் வேலையில் இருந்தவள், இப்போது தையல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் நீங்கள் பார்த்ததும் உண்மை. வேனில் ஏறத்தான் செய்கிறார்கள். ஏன் ஏறுகிறார்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

முந்திரி ஆலையில் பீலிங்குக்கு எடைக்கணக்குக் கூலி. எத்தனை கிலோ பருப்புக்குத் தோல் எடுத்தாளோ அத்தனைக்குக் காசு. சனிக்கிழமை அந்தக் காசு வந்தால்தான் பலசரக்குக் கடைப் பற்று அடையும், மைக்ரோ பைனான்ஸ்காரனின் வாரத் தவணை அடையும். தவணை தவறினால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள்தான் வாசலில் வந்து நிற்பார்கள். இப்படி இருக்கிறவளை ஒரு மாதம் காலை 10 மணிக்கு வந்து உட்கார் என்று கூப்பிடுகிறோம். இலவசம் என்று நோட்டீசில் போடுகிறோம். அவளைப் பொறுத்தவரை அந்தப் பயிற்சியின் விலை ஒரு மாதக் கூலி. அதை யாரிடமாவது கடன் வாங்கித்தான் வந்திருப்பாள். பயிற்சி முடிந்த மறுநாளே கடன்காரனுக்குப் பதில் சொல்லவேண்டும் அல்லவா, அதனால் வேனில் ஏறுகிறாள்.

வராமலே இருந்துவிடுகிற பெண்களை நீங்கள் பார்க்கவே இல்லை. அவர்கள்தான் அதிகம்.

6 ஜூன் 2025, இரவு

பணத்தைக் கையில் கொடுத்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன். கொடுக்கட்டும். 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வருகிறது. அதற்குப் பிறகு என் வகுப்பில் நூலுக்கும் கேன்வாஸ் துணிக்கும் கைமாற்றுக் கேட்பது குறைந்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும் அப்படித்தான். முன்பு பஸ் காசுக்காகவே வாரத்தில் பாதி நாள் வராமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். இவையெல்லாம் பயிற்சிக்குப் போட்டி இல்லை, இவை இருந்தால்தான் பயிற்சிக்கு வரவே முடியும். ஒன்றை நிறுத்தி இன்னொன்றுக்குக் கொடு என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

10 ஜூன் 2025

உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்று சிலர் கேட்டார்கள். சொல்லுகிறேன்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். நம் பக்கத்து ஆண்கள் பாதிப்பேர் மாதிரி கேரளாவில்தான் வேலை. சாரம் சரிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே போய்விட்டது. இரண்டு பிள்ளைகள், சின்னவன் அப்போது அங்கன்வாடியில். அண்டி ஆபீஸ் கூலி மருந்துக்கும் டயப்பருக்குமே போதாது. இரவு படுத்தால் ஒரே வெப்ராளம், தூக்கம் வராது.

பக்கத்துப் பங்குக் கோயில் ஹாலில் தையல் வகுப்பு வைத்தார்கள். மாலை 5:30க்குத்தான் தொடங்கும். வேன் என்னைக் கொண்டு இறக்கும் நேரம் அது. ஒரு நாள் கூலியும் போகவில்லை. நடத்திய டீச்சர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். ஹாலின் மூலையில் பாய் விரித்து எங்கள் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும், சிலது தூங்கும். வகுப்பு முடிந்ததும் டீச்சர் ஒரு பழைய மெஷினை என் வீட்டுக்குக் கொண்டுபோகத் தந்தார்கள், வாடகை இல்லாமல். அதற்கும் மேலே, ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தாங்கள் எடுத்திருந்த யூனிபார்ம் ஆர்டரில் பாவாடைகளை எனக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இடுப்புப் பட்டி கோணலாக வந்தால் பிரித்துத் தைக்கச் சொல்வார்கள், ஆனால் கூலியைப் பிடிக்க மாட்டார்கள். அந்த மூன்று நான்கு மாதம் ஆபீசுக்கும் போனேன், இரவில் தைக்கவும் செய்தேன். தையல் காசு ஆபீஸ் கூலியை எட்டிய பிறகுதான் வேனை விட்டேன்.

நான் கெட்டிக்காரி, அதனால் மேலே வந்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என்னோடு படித்தவளில் என்னைவிட நேர்த்தியாகத் தைத்தவள் ஒருத்தி உண்டு. காலர் வைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அவள் அம்மாவுக்கு வாதம் வந்தது, பார்க்க வேறு ஆள் இல்லை, வகுப்பு பாதியில் நின்றது. இன்றைக்கும் ஆபீஸில்தான் இருக்கிறாள். அந்த இடத்தில் அவளுக்கு ஒரு ஆள் துணை கிடைத்திருந்தால் இன்று இதை அவள் எழுதிக்கொண்டிருப்பாள்.

13 ஜூன் 2025

"எந்தத் திறமையும் இல்லாத பெண்களுக்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை விடமுடியாது.

அண்டி ஆபீசில் கிரேடிங் மேசையைப் பார்த்திருக்கிறீர்களா? 320 என்ற ரகம் என்றால் ஒரு பவுண்டுக்கு 300லிருந்து 320 பருப்பு நிற்க வேண்டும். 240, 210, 180 என்று பருப்பு பெரிதாகப் பெரிதாக எண் குறையும். தராசும் இல்லை, அளவுகோலும் இல்லை, கண்ணால் பார்த்துக் கையால் தள்ளுகிறார்கள். அதோடு உடைசல், கருகல், பூச்சி குத்தியது எல்லாம் தனித்தனியாகப் பிரிய வேண்டும். தல்லுகிற, அதாவது அண்டியின் ஓடு உடைக்கிற பெண்கள் ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்து போகாமல் சாம்பல் தடவிக்கொண்டு, பருப்பு உடையாமல் ஓட்டை மட்டும் பிளப்பார்கள். உலகச் சந்தைக்குப் போகிற சரக்கின் தரம் இந்தக் கைகளில்தான் இருக்கிறது. கூலி குறைவாக இருப்பதால் திறமையும் குறைவு என்று நினைத்துவிடுகிறோம்.

என் வகுப்பில் கிரேடிங்கிலிருந்து வந்த பெண்கள் துணியில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிப்பார்கள். நான் அவர்களை முன்வரிசையில் உட்கார வைப்பேன்.

பச்சை அண்டி பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே விலை ஏறினாலோ கப்பல் தாமதித்தாலோ இங்கே ஆபீஸ் பூட்டிக்கிடக்கும். அந்த நாள்களில் கூலி கிடையாது. இப்படிச் சும்மா இருக்கிற நாள்களில்தான் பயிற்சியை வைக்க வேண்டும். எந்த அண்டி ஆபீஸ் எப்போது பூட்டும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், பயிற்சிக்குத் தேதி குறிப்பவர்களும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

18 ஜூன் 2025

"எங்கே பார்த்தாலும் தையல்தானா, எத்தனை பேர்தான் நைட்டி தைப்பது?" நியாயமான கேள்வி. ஒரே தெருவில் ஐந்து பேர் மெஷின் போட்டால் ஐந்து பேருக்கும் அரை வயிறுதான்.

ஆனாலும் தையலை ஏன் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டில் இருந்து செய்யலாம், படுக்கையில் கிடக்கிற ஆளையும் பார்த்துக்கொள்ளலாம், இரவிலும் செய்யலாம். இந்த மூன்றும் சேர்ந்த தொழில் வேறு அதிகம் இல்லை.

குறை எங்கே என்றால் பாடத்தில். நேர்த்தையல் சொல்லித்தருகிறார்கள். வெட்டுவதற்குக் கை பழகும் முன்னே நாள் முடிந்துவிடுகிறது. ஒரு கிராஸ் கட் பிளவுசை உடம்புக்குப் பொருந்த வெட்டத் தெரிந்தவளுக்கு வாடிக்கை தேடி வரும், வெட்டத் தெரியாதவள் இன்னொருத்தி வெட்டித் தந்ததைப் பீஸ் ரேட்டில் தைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அப்புறம் விலை வைக்கத் தெரியவேண்டும். நூல், கொக்கி, கரண்ட், தன் உழைப்பு எல்லாம் கூட்டிக் கூலி சொல்ல வேண்டும். நம் பெண்கள் பக்கத்து வீட்டுக்காரி என்று பாதியைத் தள்ளிவிடுவார்கள். நான் இப்போது இதை ஒரு பாடமாகவே வைக்கிறேன், எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசிப் பழகவேண்டும். சிரிப்பாகத்தான் தொடங்கும். சிலருக்குத் தன் உழைப்புக்குத் தானே வாய்விட்டு விலை சொல்வது வாழ்க்கையில் முதல்முறை, கண் கலங்கிவிடும்.

வேலை வருகிற வழி ஒன்றையும் சொல்லவேண்டும். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சீருடையைத் தைப்பது சமூகநலத் துறையின் கீழ் இருக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். அதில் உறுப்பினராகச் சேர முடியுமா என்று பயிற்சி முடித்தவள் விசாரிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் டிசம்பர் மாதம் தனி சீசன். கிறிஸ்துமஸ் உடுப்புக்கு நவம்பர் பாதியிலேயே ஆர்டர் நிறைந்துவிடும். ஜனவரியில் முடிகிற பயிற்சியால் அந்த வருடம் ஒரு பயனும் இல்லை.

24 ஜூன் 2025

கடற்கரையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தாள், "அக்கா, எங்கள் பக்கம் வந்து இறங்கிய மெஷின்களைப் பற்றியும் எழுதுங்கள்" என்று.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்த வரிசை ஊர்களில் ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் திரும்பவில்லை. பல வீடுகளுக்கு உடல்கூட வரவில்லை. அரசு குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. நல்ல மனம் உள்ளவர்கள் தையல் மெஷினும் பயிற்சியும் கொண்டுவந்தார்கள். வந்த நேரம்தான் பொருந்தவில்லை. ஆளைக் காணாமல், செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல், கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளிடம் சட்டைக்கு அளவெடுக்கக் கற்றுக்கொள் என்றால் எப்படி? போட்டோவுக்காகப் போய் உட்கார்ந்தார்கள். உண்மையில் வேலை தேவைப்பட்டது அதற்கு அடுத்த வருடங்களில், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் வந்து நின்றபோது. அப்போது பயிற்சி நடத்த அங்கே யாரும் இல்லை. மெஷின்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தன. கடற்கரையில் மெஷின் கொடுத்தால் எண்ணெய் போடவும் மூடி வைக்கவும் ரிப்பேர் பார்க்கவும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். ரிப்பேர் தெரிந்த பெண் ஊருக்கு ஒருத்தி இருந்தால் அதுவே அவளுக்கு ஒரு தொழில்.

அந்தத் தங்கை இப்போது ஒரு வலைக் கம்பெனியில் இருக்கிறாள். தையலில் படித்த முடிச்சும் கணக்கும் அங்கே உதவுகிறது என்று எழுதியிருந்தாள்.

மீன் விற்கிற அம்மாமாருக்கு என்ன பயிற்சி என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவர்களுக்கு வியாபாரம் சொல்லித்தர நமக்குத் தகுதி கிடையாது. அவர்களுக்கு வேண்டியது ஐஸ் பெட்டி, சந்தையில் தண்ணீரும் கக்கூஸும், ஏறிப் போகப் பஸ். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் நிலையத்திலேயே நின்று அவர் நியாயம் கேட்டார், வீடியோவை நாடே பார்த்தது, ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். டிக்கெட் இலவசமாக இருந்தால் மட்டும் போதாது, ஏற விட வேண்டும். பெண்களுக்கு வேலைவாய்ப்பு உதவி என்று பேசும்போது இதையும் அந்தக் கணக்கில்தான் வைப்பேன்.

25 ஜூன் 2025

மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்கரைப் பெண்களுக்குப் பயிற்சி வைக்கலாமே என்று யோசனை சொன்னவருக்கு: நல்ல யோசனை, ஆனால் "ஜூனில் எல்லா ஊரும் சும்மா இருக்கும்" என்பது சரியில்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை விசைப்படகுக்குத்தான். வள்ளம் போகிற ஊரில் மீன் வந்துகொண்டுதான் இருக்கும். ஊர் பார்த்துத் தேதி வைக்க வேண்டும்.

5 ஜூலை 2025

மழை, வகுப்புக்கு ஆள் குறைவு. மனதில் கிடந்த பழைய விஷயம் ஒன்றை எழுதுகிறேன்.

பெண்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பது நம் மாவட்டத்தில் புதிது இல்லை, 200 வருடமாக நடக்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் தம்பதியர் 1819 கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி ரேந்தை (லேஸ்) பின்னச் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு இது திருவிதாங்கூர். அடிமைமுறை இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேல்சீலை போடவே போராட வேண்டியிருந்தது. அந்தப் பள்ளியில் அடிமை வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள். ரேந்தை விற்ற காசைச் சேர்த்து, தங்களைச் சொந்தம் கொண்டாடியவர்களிடம் அதைக் கொடுத்துச் சிலர் விடுதலை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்த அறிவிப்பு வந்தது 1855இல். மேல்சீலைக்கான அரசாணை 1859இல். சட்டம் வருவதற்குப் பல வருடம் முன்பே இந்தப் பிள்ளைகள் தங்கள் விரல் வேலையால் வெளியே வந்திருக்கிறார்கள்.

எனக்கு இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. என் வகுப்பில் முதல் நாள் இதைத்தான் சொல்லித் தொடங்குகிறேன்.

7 ஜூலை 2025

மேலே எழுதியதோடு இன்னொன்றும் சேர வேண்டும், இல்லாவிட்டால் படம் முழுமை இல்லை. பிற்காலத்தில் அதே ரேந்தை வேலை ஏஜெண்டுகள் கைக்குப் போனது. நூலைக் கொடுத்து, பின்னியதை வாங்கி, பெண்ணுக்குச் சில்லறைக் கூலி. கண் மங்கும்வரை பின்னிய கிழவிகளை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தொழில் அதேதான். விற்கிற இடம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் மாறிவிட்டது. இன்றைக்குப் பயிற்சி நடத்துகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இந்தப் பொருளை யார் வாங்குவார்?" பதில் சொல்லத் திணறினால் என் பெண்களை அனுப்ப மாட்டேன்.

14 ஜூலை 2025

நர்சிங் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு.

உங்கள் மகளை ஒரு வருட "நர்சிங்" கோர்சில் சேர்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். பணம் கட்டும் முன் நில்லுங்கள். பதிவு பெற்ற நர்சாக வேலை பார்க்க ஏ.என்.எம் என்றால் 2 வருடம், ஜி.என்.எம் என்றால் 3 வருடம், பி.எஸ்சி என்றால் 4 வருடம். தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிய முடியுமா என்று கேளுங்கள். பதிய முடியாத சான்றிதழை வைத்துக்கொண்டு வெளிநாடும் போக முடியாது, அரசு வேலைக்கும் போக முடியாது. என் அக்கா மகள் இப்படி ஒரு இடத்தில் நகையை அடகு வைத்துப் படித்தாள். இன்று ஒரு ஆஸ்பத்திரியில் நர்சுக்கான வேலை அத்தனையும் செய்கிறாள், சம்பளம் மட்டும் உதவியாளுக்கானது. பிள்ளை நல்ல பிள்ளை, நோயாளிகள் அவளைத்தான் தேடுகிறார்கள். அதனால்தான் மனம் இன்னும் பொறுக்கவில்லை.

வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக நினைக்கிற அக்காமாரும் கவனியுங்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு 30 வயதுக்குக் கீழே உள்ள பெண்ணை வீட்டு வேலைக்கு அனுப்ப அனுமதி இல்லை. அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும், நம் மாநிலத்தில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. விசிட் விசாவில் கூட்டிப்போகிறேன் என்று எவன் வந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

27 ஜூலை 2025

தொடக்கத்தில் கேட்ட விளவங்கோட்டுத் தம்பி மறுபடி வந்திருக்கிறார். "அப்படியானால் பயிற்சியோடு வேலையும் வாங்கித்தருகிற திட்டம்தானே சரி? அது ஏற்கெனவே இருக்கிறதே" என்கிறார்.

இருக்கிறது. தீன்தயாள் உபாத்யாய ஊரகத் திறன் திட்டம் 2014இல் வந்தது. அதில் பயிற்சி எடுத்தவர்களில் 70 சதவீதம் பேரை வேலையில் அமர்த்த வேண்டும், குறைந்தது 3 மாதம் வேலையில் இருந்தால்தான் கணக்கில் சேரும். வேலைக்குப் போன பிறகும் மாதம் 1,000 ரூபாய் கைத்தாங்கலுக்குக் கொடுப்பார்கள். சொந்த மாவட்டத்திலேயே வேலை என்றால் 2 மாதம், மாநிலத்துக்குள் என்றால் 3 மாதம், வெளி மாநிலம் என்றால் 6 மாதம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் யாரோ, அவருக்கு ஒரு ஏழைப்பெண்ணின் முதல் சம்பளம் வரும்வரையிலான நாள்களைப் பற்றித் தெரிந்திருக்கிறது. எனக்கு அதில் மிகுந்த மதிப்பு உண்டு.

ஆனால் வேலை எங்கே? திருப்பூர், கோயம்புத்தூர், ஸ்ரீபெரும்புதூர். கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு அது கதவைத் திறக்கிறது. என் வகுப்பில் படித்த பிள்ளைகள் போயிருக்கிறார்கள், தம்பிமாரைப் படிக்க வைக்கிறார்கள், ஊருக்கு வரும்போது நிமிர்ந்து நடக்கிறார்கள். பிள்ளை குட்டியோடு இருக்கிற, வீட்டில் நோயாளி இருக்கிற 35 வயதுப் பெண் ஹாஸ்டலில் போய் எப்படித் தங்குவாள்? அவளுக்கு வேலை பஸ் போகிற தூரத்தில் வேண்டும். குழந்தையை விட இடம் வேண்டும். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் 6 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. அதை ஒழுங்காக நடத்தியிருந்தாலே எத்தனையோ பெண்கள் வேலையில் நிலைத்திருப்பார்கள். அது பயிற்சித் துறையின் வேலை இல்லை என்று சொல்லாதீர்கள். வேலைக்கு அனுப்பி மூன்றாம் மாதம் அவள் நின்றுபோவது பெரும்பாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்றுதான்.

நாகர்கோவிலில் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம் இருக்கிறது. வங்கி நடத்துவது, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், பயிற்சி முடிந்து 2 வருடம் பின்தொடர்வது அவர்கள் முறை. கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் 1982இல் தொடங்கிய முறையைப் பார்த்து நாடு முழுக்க வந்தது. 2 வருடம் என்ற அந்த வரிதான் எனக்கு முக்கியம். பயிற்சி முடித்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு உரிமையோடு போய்க் கேட்க வேண்டும்: "சார், என் லோன் பேப்பர் என்ன ஆச்சு?"

10 ஆகஸ்ட் 2025

"பெண் சம்பாதிக்கத் தொடங்கினால் வீட்டில் சண்டை" என்று எழுதியவருக்கு நீளமாகப் பதில் எழுதிவிட்டு அழித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். சண்டை வருகிறது, உண்மை. என் வகுப்பில் ஒருத்தியின் மெஷின் பெல்ட்டை அவள் கணவன் அறுத்துப்போட்டான். இன்னொருத்தியின் மாமியார் முதல் மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, இரண்டாம் மாதம் மருமகள் வாங்கிவந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொத்தான் கட்டித் தருகிறார். வீட்டுக்குப் போய்ப் பேசுவதையும் பயிற்சியின் ஒரு பகுதியாக நான் செய்கிறேன். அடி விழுகிற வீடு என்றால் பேச்சோடு நிறுத்தக்கூடாது, 181க்குக் கூப்பிடுங்கள், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள்.

24 ஆகஸ்ட் 2025

தேன் பெட்டி பற்றி நிறைய கேள்வி. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லோருக்கும் ஆசை வந்திருக்கிறது. நல்லது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ மூலம் கிராமப் பயிற்சி தொடங்கியபோதே தேனீ வளர்ப்பு அதில் இருந்தது. ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும் மாசி, பங்குனியில் இலைக்காம்பில் தேன் சுரக்கும், பெட்டிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். அந்த இரண்டு மாத வருமானத்தை வருடம் முழுக்கப் பங்கு வைக்கத் தெரிய வேண்டும். மழைக்காலத்தில் சீனிப்பாகு வைத்து ஈயைக் காப்பாற்ற வேண்டும், அதற்குக் கையில் காசு வேண்டும். 1990களின் தொடக்கத்தில் நோய் வந்து பெட்டி பெட்டியாக அழிந்ததைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். ஒற்றை வருமானமாக இதை நம்பி அண்டி ஆபீசை விடாதீர்கள். கூடவே வைத்துக்கொண்டால் அருமையான தொழில்.

ரப்பர் பால்வெட்டு பெண்களால் முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள். கீரிப்பாறை, கோதையாறு பக்கம் போய்ப் பாருங்கள். 1984இல் அரசு ரப்பர் கழகம் வந்தது, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கும் அங்கே வேலை கொடுத்தார்கள். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் வெட்டப் போவார்கள். கத்தி ஆழமாகப் பட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு விழுந்துவிடும், பிறகு அந்தப் பக்கம் வெட்ட முடியாது. அதனால் கற்றுக்கொள்ளும்போது பட்டுப்போகப் போகிற மரத்தில்தான் கை பழக்குவார்கள். தேர்ந்த வெட்டுகாரிக்கு இன்று தோட்டக்காரர்கள் காத்துக்கிடக்கிறார்கள். ஆண்கள் இந்த வேலையை விட்டுப் போய்க்கொண்டிருப்பதால் பெண்களுக்கு இது நல்ல நேரம்.

6 செப்டம்பர் 2025

ஓணம் லீவு முடிந்து வந்து பார்த்தால் தக்கலை பக்கத்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். வயது 43, ஏழாம் வகுப்போடு நிறுத்தியவர், கணவர் இல்லை, "இனி எனக்கு எந்தக் கதவும் திறக்காது, இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா, திறக்கும். முதலில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுங்கள். அரசுத் தேர்வுத் துறை நடத்துகிறது, பள்ளிக்குப் போகாமலே எழுதலாம். எட்டு பாஸ் கையில் வந்தால் தொழிற்பயிற்சி நிலையத்தில் சில பிரிவுகளில் சேரலாம். வெல்டர் இருக்கிறது, வயர்மேன் இருக்கிறது, தையல் இருக்கிறது. நம் மாநிலத்தில் பெண்களுக்கு அங்கே உச்ச வயது வரம்பே இல்லை. நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரில் அரசு ஐ.டி.ஐ (தொழிற்பயிற்சி நிலையம்) இருக்கிறது. கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள், பஸ் பாசும் உண்டு. உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கும். உட்காருங்கள்.

சொந்தமாகத் தொழில் தொடங்கவும் அந்த எட்டாம் வகுப்பு உதவும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்ணுக்கு 35 சதவீதம் மானியம், கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம். உற்பத்தித் தொழிலுக்கு 10 லட்சத்துக்கு மேல் போனால்தான் எட்டாம் வகுப்புக் கேட்பார்கள், சின்ன அளவில் என்றால் அதுவும் வேண்டாம். மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள்.

எட்டாம் வகுப்புக் கணக்கும் இங்கிலீஷும் பயமாக இருக்கிறது என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். என் வகுப்பில் இப்போது இரண்டு பேர் அதற்குத்தான் படிக்கிறார்கள், ஞாயிறு பூசை முடிந்ததும் ஹாலில் உட்காருவோம். மகள் கல்லூரியில் படிக்கிற ஒருத்தி தன் மகளையே டீச்சராகக் கூட்டிவருகிறாள். உங்கள் ஊரிலிருந்து கருங்கலுக்கு டவுன் பஸ் இருக்கிறது. வரும்போது ஆதாரும் பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழும் இருந்தால் எடுத்து வாருங்கள். மாற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் படித்த பள்ளியில் எழுதிக்கொடுத்து நகல் கேட்கலாம், அதற்கு நானும் கூட வருகிறேன்.